கல்லில் பெயர் போட்டவர்கள்

ராஜபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள், கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சுலோகம் போல என்று காதைக் கொடுத்தேன்.

"மறுமலர்ச்சிக் காலச் சிற்பங்களின் பண்புகள். ஒன்று, மனித உடலைத் தத்ரூபமாகக் காட்டுதல். இரண்டு..."

இரண்டில் வண்டி நின்றுவிட்டது.

"இரண்டு என்னம்மா?"

"அதான் மாமா வரமாட்டேங்குது. அஞ்சு மார்க் கேள்வி. அஞ்சு பாயின்ட் எழுதணும்."

"அந்தச் சிலைகள்ல ஒண்ணையாவது பாத்திருக்கியா?"

"ஒரு படம் இருக்கு. கறுப்பா இருக்கும்."

டியூஷனில் கொடுத்த ஜெராக்ஸ் தாளைக் காட்டினாள். மைக்கேலாஞ்சலோவின் டேவிட். வெள்ளை வெளேர் என்ற இத்தாலியப் பளிங்கு, நகலின் நகலில் கரிக்கட்டையாகி நின்றது. மூக்கு எது, வாய் எது என்று அந்தக் கோலியாத் வந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

"நாளைக்கு லீவுதானே? காலைல ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வருவோம். உன் அஞ்சு பாயின்டும் அங்க இருக்கு."

அடுப்படியில் இருந்து தங்கையின் குரல் வந்தது. "அண்ணே, பால்கோவா வாங்கப் போறேன்னு நேராச் சொல்லலாமே."

அதுவும் உண்மைதான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்காக நின்றோம். மருமகள் பையை இடது தோளில் மாட்டி, வாரை இடது கையால் பிடித்தபடி, வலது காலில் பாரத்தைக் கொடுத்து, இடது முட்டியைத் தளர்த்தி நின்றுகொண்டிருந்தாள். பஸ் வராத எரிச்சலில் கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

"அப்படியே நில்லு. அசையாத."

"ஏன் மாமா, பல்லியா?"

"இல்ல, முதல் பாயின்ட்."

கவனித்துப் பாருங்கள். நாம் யாருமே இரண்டு காலிலும் சமமாகப் பாரம் கொடுத்து வெகுநேரம் நிற்பதில்லை. பாரம் ஒரு காலுக்குப் போனதும் அந்தப் பக்கத்து இடுப்பு கொஞ்சம் ஏறும். அதைச் சரிக்கட்ட அதே பக்கத்துத் தோள் கொஞ்சம் இறங்கும். முதுகெலும்பு மெல்ல வளையும். இன்னொரு கால் 'நான் எப்போது வேண்டுமானாலும் நடப்பேன்' என்று தயாராக இருக்கும். கல்லில் இதைக் கொண்டுவந்துவிட்டால் சிலை நிற்பதுபோல இருக்காது. நிற்கிற ஆள்போல இருக்கும். பழைய கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் இந்த வித்தை தெரியும். பிறகு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்குச் சிலைகள் பெரும்பாலும் தேவாலயச் சுவரோடு ஒட்டி, தூண்போல விறைத்து நின்றன. 1400களில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் டொனாட்டெல்லோ போன்றவர்கள் அந்தப் பழைய நிலையை மறுபடி பிடித்தார்கள். 'மறுமலர்ச்சி' என்ற சொல்லில் இருக்கிற 'மறு' அதுதான்.

போனில் டேவிட் படத்தைத் தேடிக் காட்டினேன். இந்த முறை வெள்ளையாகவே இருந்தார். வலது காலில் பாரம். இடது கை தோளுக்குப் போயிருக்கிறது. கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது.

"ஐயோ, என்ன மாதிரியே நிக்கான்!"

"ஒரே ஒரு வித்தியாசம். அவன் தோள்ல இருக்கறது கவண். உன் தோள்ல இருக்கறது லஞ்ச் பை."

கூட நின்ற ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "துணி இல்லாம நிக்கான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். 500 வருடமாக உலகம் முழுக்க இந்த விமர்சனம் வருகிறது. அதுவும் ஒரு பாயின்ட்தான் என்றேன். மனித உடம்பு பாவ மூட்டை, மறைக்க வேண்டியது என்று நினைத்த காலம் போய், உடம்பே அழகு, அதைப் படைத்தவனுக்கே பெருமை என்று நினைத்த காலம் அது. டொனாட்டெல்லோ வெண்கலத்தில் வார்த்த டேவிடும் இப்படித்தான். ரோமானியர் காலத்துக்குப் பிறகு, சுவரோடு ஒட்டாமல் தனித்து நின்ற முதல் ஆடையில்லா வெண்கலச் சிலை என்று அதைச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று மூன்று வளைவோடு நிற்கும் நிலைக்குத் திரிபங்கம் என்று பெயர். டொனாட்டெல்லோ பிறப்பதற்கு 300, 400 வருடம் முன்பே நம் சிற்பிகள் மெழுகில் பிடித்து உலோகத்தில் வார்த்துவிட்டார்கள். சுவரோடு ஒட்டாமல்தான். ஆனால், 'எல்லாம் நம்மிடம் இருந்துதான் போச்சு' என்ற வாட்ஸ்அப் வரியை மட்டும் சேர்க்கவில்லை. அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. இரண்டு பேரும் பார்த்தது ஒரே மனித உடம்பை. இடுப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானே வளையும்.

பஸ் வந்தது. 12 கிலோமீட்டர் போல. ஊர் நெருங்கும்போதே கோபுரம் தெரிய ஆரம்பித்துவிடும். 11 நிலை, 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் தீராத பெருமை. மதுரைக்காரர் யாராவது பக்கத்து சீட்டில் இருந்தால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வடபத்ரசாயியையும் ஆண்டாளையும் சேவித்துவிட்டு, ஆற அமரத் தூண்களைப் பார்க்க ஆரம்பித்தோம். இதற்காகவே வருகிறவர்கள் குறைவு. தூண் என்பது நம்மில் பலருக்குச் சாய்ந்துகொள்ள, குங்குமம் மிச்சத்தைத் தட்ட, செருப்பு டோக்கனைத் தேடும்போது பையை வைக்க.

விஜயநகர அரசும் அதற்குப் பின் மதுரை நாயக்கர்களும் ஆண்ட காலத்தில், அதாவது 1500களிலும் 1600களிலும், தென்பாண்டி நாட்டுக் கோயில்களில் புதிது புதிதாக மண்டபங்கள் எழுந்தன. அவற்றின் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலே சிற்பங்கள் வந்தன. கையில் வாளோடு வீரபத்திரர். இந்தக் கோயிலில் அவரைப் பார்க்கலாம். கிருஷ்ணாபுரத்தில், தென்காசியில், ஸ்ரீவைகுண்டத்தில், தாடிக்கொம்பில், மதுரையில், நெல்லையப்பர் கோயிலில் எல்லாம் அவருடைய அண்ணன் தம்பிகள் நிற்கிறார்கள். ஒரே பட்டறைப் பாணி கைமாறி, ஊர் ஊராகப் போயிருப்பது தெரியும்.

மருமகளை வீரபத்திரர் முன்னால் நிறுத்தினேன். "டேவிடுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம், சொல்லு."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவருக்கு நகை நிறைய. அவன் சும்மா நிக்கான், இவர் சண்டைக்கே கிளம்பிட்டாரு."

அருமையான பதில். நான்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மைக்கேலாஞ்சலோ தேர்ந்தெடுத்தது சண்டைக்கு முந்தைய நொடி. கல் இன்னும் பறக்கவில்லை. புருவம் சுருங்கியிருக்கிறது, தொங்குகிற வலது கையில் நரம்பு புடைத்திருக்கிறது. அவ்வளவுதான். நம்முடையவர் அப்படி அடக்கி வைக்கிற ஆள் இல்லை. கூத்து மேடைக்கு வருகிற வேஷக்காரர்போல, வரும்போதே ஆட்டத்தோடு வருகிறார்.

"இன்னொண்ணு இருக்கு. பின்னாடி போய்ப் பாரு."

போய்விட்டு வந்தாள். "பின்னாடி ஒண்ணும் இல்ல மாமா. தூண்தான்."

அதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். சிற்பமும் தூணும் ஒரே கல். செய்து கொண்டுவந்து ஒட்டியது இல்லை. முன்னால் வாளைப் பிடித்துச் சண்டை போடுகிறவர், பின்னால் மண்டபத்தின் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். வீட்டில் அம்மாக்கள் மாதிரி என்று சொல்ல வந்து, மருமகள் சிரித்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

ஃபிளாரன்ஸில் அக்கடேமியா என்றொரு காட்சிக்கூடம். டேவிட் இப்போது இருப்பது அங்கேதான். அவனிடம் போகிற வழியில் இரண்டு பக்கமும் மைக்கேலாஞ்சலோ பாதியில் விட்ட சிலைகள் நிற்கின்றன. போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக ஆரம்பித்தவை. 'அடிமைகள்' என்று பெயர். ஒருவனுக்கு மார்பு வந்திருக்கிறது, தலை இன்னும் கல்லுக்குள். இன்னொருவன் முட்டியால் கல்லை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறான். அவை முடியாத சிலைகள். வீரபத்திரர் முடிந்த சிலை. ஆனாலும் கல்லை விட்டு வரவில்லை. வந்தால் கூரை இறங்கிவிடும்.

மறுமலர்ச்சிச் சிற்பிகள் போன திசை இதற்கு நேர் எதிர். சிலையைச் சுவரில் இருந்து பிரித்து நடுத்தெருவில் நிறுத்தினார்கள். சுற்றி வந்து பார், எந்தப் பக்கமும் முன்பக்கம்தான் என்றார்கள். இதன் உச்சம் ஜம்போலோன்யா 1583இல் முடித்த சிலை. ஒரு பெண்ணை ஒருவன் தூக்கிக்கொண்டு போகிறான், அவன் காலடியில் ஒரு கிழவர் குனிந்து தடுக்கிறார். மூன்று பேரும் ஒரே பளிங்குக் கல். சுருள் ஏணிப்படிபோலக் கண் மேலே ஏறிச் சுற்றிக்கொண்டே போகும். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

இதைச் சொன்னதும் எனக்குக் கிருஷ்ணாபுரம் ஞாபகம் வந்தது. திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கிற வேங்கடாசலபதி கோயில். அங்கே ஒரு தூணில், குறவன் ஒருவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கதை ஏறக்குறைய அதே கதைதான்! கட்டியவர் மதுரையை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர். மைக்கேலாஞ்சலோ ரோமில் இறந்தது 1564. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கிருஷ்ணப்பர் இங்கே பட்டத்துக்கு வருகிறார். அங்கே ஒரு கூட்டம் பளிங்கைத் தட்டிக்கொண்டிருந்தபோது இங்கே ஒரு கூட்டம் கருங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்கவில்லை.

கேட்டிருக்கக்கூடிய ஒரு மனிதர் உண்டு. ராபர்ட் தெ நோபிலி, நம்மவர்கள் தத்துவ போதகர் என்று அழைத்தவர். 1577இல் இத்தாலியில் பிறந்து, ரோமில் படித்து, 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்த பாதிரியார். காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, இந்த மண்ணிலேயே 1656இல் இறந்தவர். திருமலை நாயக்கர் புதுமண்டபம் எழுப்பிய காலத்தில் வாழ்ந்தவர். இரண்டு நாட்டுக் கல்லையும் பார்த்த கண் அது. அவரிடம் ஒரு கட்டுரை கேட்டு வாங்க எந்த வார இதழும் அப்போது இல்லாமல் போய்விட்டது.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்புகள், பண்புகள் என்று எழுதுகிற புத்தகங்கள் கல்லை விட்டுவிடுகின்றன. பளிங்கும் கருங்கல்லும் ஒன்றில்லை. கடினத்தன்மைக்கு 10 வரை போகிற ஓர் அளவுகோல் உண்டு, வைரத்துக்கு 10. பளிங்குக்கு அதில் 3. பேனாக்கத்தியால் கீறல் போடலாம். கருங்கல்லில் இருக்கிற தாதுக்களுக்கு 6, 7. மைக்கேலாஞ்சலோவின் உளி பளிங்கில் இழைத்துக்கொண்டு போகும். பல் வைத்த உளியால் வாரினால் சீப்புக் கோடுபோல விழும். அந்த அடிமைகள் சிலையில் அந்தக் கோடுகளை இன்றும் பார்க்கலாம். கருங்கல்லில் உளி இழையாது; துள்ளும். பொறி பறக்கும். கொஞ்ச நேரத்தில் முனை மழுங்கும். மாமல்லபுரம் பக்கம் பட்டறைகளில் பார்த்தால் தெரியும்: சிற்பி ஒருவர் வேலை செய்ய, உளியை நெருப்பில் காய்ச்சி முனை தட்டிக் கொடுக்கும் வேலையும் கூடவே நடந்துகொண்டிருக்கும். அந்தக் கல்லில் கைவிரல் நகத்தையும், முட்டியின் குழியையும், கிருஷ்ணாபுரத்தில் புடைத்த நரம்பையும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால், ஒரு கையை முடிக்க எத்தனை உளி மழுங்கியிருக்கும்?

பளிங்குக்காரர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. டேவிட் செய்த கல் அவருக்கு முன்பே இரண்டு சிற்பிகள் கைவைத்து, சரிவராது என்று விட்டுப்போனது. 1460களில் வெட்டி வந்த கல், மழையிலும் வெயிலிலும் சுமார் 35 வருடம் கிடந்தது. உயரம் இருந்தது, கனம் போதவில்லை. 1501இல் 26 வயதுப் பையன் ஒருவன் அதை வாங்கினான். மூன்று வருடத்தில், 17 அடி உயரத்தில் டேவிட் எழுந்து நின்றான்.

இதற்கு ஒரு வேடிக்கைக் கதை. சிலை முடியும் நேரத்தில் நகரத்தின் பெரிய மனிதர் ஒருவர் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, மூக்கு கொஞ்சம் தடிமன்" என்றாராம். மைக்கேலாஞ்சலோ ஒன்றும் பேசாமல் உளியோடு சாரத்தில் ஏறினார். போகும்போது கீழே கிடந்த பளிங்குத் தூளைக் கொஞ்சம் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டார். உளியைத் தட்டுகிற மாதிரி பாவனை. விரலிடுக்கில் தூளை மெல்ல உதிர்த்தார். மூக்கைத் தொடவே இல்லை. "இப்போ?" என்றார். "ஆஹா, இப்பத்தான் உயிர் வந்தது!" என்றார் பெரிய மனிதர். வசாரி என்ற ஓவியர், கலைஞர்களின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். வீடு கட்டி, பெயின்டரிடம் "ஷேடு கொஞ்சம் டார்க்" என்று சொன்ன அனுபவம் உள்ளவர்கள் யோசித்துப் பார்க்கவும்.

நம் பக்கத்துக் கதை அவ்வளவு சிரிப்பானது இல்லை. திருமலை நாயக்கரின் பட்டத்தரசி சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு தெறித்துவிட்டதாம். சிற்பி வேறு கல் எடுக்கலாமா என்று கலங்கி நின்றபோது, அமைச்சராக இருந்த நீலகண்ட தீட்சிதர், "இருக்கட்டும், அது அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். அரசியின் உடம்பில் அந்த இடத்தில் மச்சம் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அரசருக்குச் சந்தேகம். கண்ணைப் பிடுங்க உத்தரவு வருவதற்குள் தீட்சிதர் தானே எரிகிற கற்பூரத்தால் கண்ணைப் பொசுக்கிக்கொண்டார், பிறகு மீனாட்சி அருளால் பார்வை திரும்பியது என்று கதை போகிறது. நடந்ததோ இல்லையோ, கதை எதைப் பற்றிப் பயப்படுகிறது என்று பாருங்கள். சிலை அந்த அளவுக்கு அந்த ஆளைப் போலவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்!

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாயக்கர் காலத்துச் சிற்பிகள் ஆளைப் பார்த்துச் செய்தார்கள். புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்களின் வரிசையில் திருமலை நாயக்கர் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார். தொந்தியை மறைக்கவில்லை. சாமி சிலைக்குத் தாள அளவு உண்டு. உத்தம தசதாளம் என்றால் உயரத்தை 124 பங்காக்கி, முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று சாஸ்திரம் கணக்குக் கொடுத்துவிடும். தொந்திக்குச் சாஸ்திரம் என்ன செய்யும்? அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஃபிளாரன்ஸ் சிற்பிகள் தங்கள் ஊர் வணிகர்களின் தாடைச் சதையையும் வழுக்கையையும் அப்படியே வைத்துச் செய்தது இதே மனசுதான். புதுமண்டபத்தில் பல காலம் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் இந்தச் சிற்பங்களுக்கு நடுவேதான் வியாபாரம் செய்தார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க நிற்கும்போது பக்கத்தில் நின்றவரின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் ஒரு ராஜா என்று அப்போது தெரியாது.

அழகு மட்டும்தான் சிற்பம் என்று இரண்டு பக்கமும் நினைக்கவில்லை. டொனாட்டெல்லோ வயதான காலத்தில் மரத்தில் ஒரு மகதலேனா மரியாள் செய்தார். பல் போய், கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக, முடியையே ஆடையாகப் போர்த்தி நிற்கிறாள். அதைப் பார்க்கிற தமிழர் யாருக்கும் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் சோழர் காலத்து அம்மையார் ஒருவர் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறார். மரியாள் அழுகிறாள். நம் அம்மையார் பாடுகிறார்.

"மாமா, பொம்பளைங்க யாரும் சிலை செய்யலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று நினைத்தேன். ஒருத்தி இருந்தாள். போலோன்யா ஊரில் ப்ரோபெர்சியா தெ ரோசி. வசாரியின் புத்தகத்தில் பெண் சிற்பி என்று தனி அத்தியாயம் பெற்றவர். பீச் பழக் கொட்டையில், ஊசி மாதிரிக் கருவியால், கூட்டம் கூட்டமாக உருவங்களைச் செதுக்கிப் பெயர் வாங்கினார். பிறகு பளிங்குக்கு வந்தார். இவ்வளவு சின்னதாக ஏன் தொடங்கினார் என்று நான் சொல்லவில்லை. மருமகளே சொன்னாள். "அவங்களுக்குப் பெரிய கல் யாரு குடுத்திருப்பா?"

பிறகு வீரபத்திரரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இவரைச் செஞ்சவர் பேர் என்ன?"

சுற்றி வளைத்தேன். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் கல்வெட்டில் இருக்கிறது, எல்லாருமே பெயரில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது என்றேன். "அது தஞ்சாவூரு. இவரச் செஞ்சவரு?" என்றாள். கட்டிய அரசர் பெயர் தெரியும், தானம் கொடுத்தவர் பெயர் தெரியும். உளி பிடித்தவர் பெயர் தூணில் இல்லை.

அங்கே அப்படி இல்லை. கிபெர்ட்டி என்பவர் ஃபிளாரன்ஸ் ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்ய 27 வருடம் எடுத்துக்கொண்டார். 1452இல் முடித்த அந்தக் கதவின் சட்டத்தில், ஓரமாகத் தன் வழுக்கைத் தலையையும் குட்டியாக வார்த்து வைத்துவிட்டார். இன்றும் வருகிறவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மைக்கேலாஞ்சலோ 24 வயதில் இறந்த மகனை மடியில் கிடத்திய மாதாவை, பியெட்டா என்ற சிலையைச் செய்து முடித்தார். கூட்டத்தில் யாரோ, 'இது எங்க மிலான் ஊர்க்காரர் செஞ்சது' என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அன்று ராத்திரி விளக்கையும் உளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், மாதாவின் மார்புப் பட்டையில் தன் பெயரைச் செதுக்கிவிட்டு வந்தார் என்று வசாரி எழுதியிருக்கிறார். அவர் பெயர் போட்ட ஒரே சிலை அது. அப்புறம் அவர் எதிலும் பெயர் போடவில்லை. ரோஷத்தில் செய்ததற்குப் பின்னால் வருந்தினார் என்றும் சொல்வார்கள்.

"தப்பா மாமா அது? அவர் செஞ்சதுதானே?"

தப்பில்லை என்றேன். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்போது இவள் வயது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனார்கள். எந்தக் கோயில் என்று எழுதப் போவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் எல்லாம் மண்டபத்தில் உருண்டுகொண்டிருக்க, நான் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து காம்பஸை எடுத்து ஒரு தூணின் அடியில் என் பெயரைச் சுரண்டினேன். ஐந்து நிமிடத்தில் காம்பஸ் முனை மழுங்கிவிட்டது. கல்லில் ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் எச்சில் தொட்டால் மறைந்தது. விட்டிருக்கலாம். ஓர் ஆணியையும் கருங்கல் துண்டையும் தேடி எடுத்துவந்து, முக்கால் மணி நேரம் தட்டினேன். ஓர் எழுத்து. என் பெயரின் முதல் எழுத்து மட்டும். பக்கத்தில் தூணின் கீழ்க்கட்டத்தில் ஒரு சின்னப் பெண் உருவம், உள்ளங்கை அளவு, தலை வாரிக்கொண்டிருக்கும். என் ஆணி ஒருமுறை வழுக்கி அவள் முழங்கையில் பட்டது. சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது.

யாரும் பார்க்கவில்லை. திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது பாட்டுப் போட்டிகூட நடந்தது.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. வீரபத்திரரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பால்கோவா வாங்கினோம். இலையில் சூடாக வாங்கித் தின்னும்போதுதான் கேட்டாள்.

"அந்த எழுத்து இன்னும் இருக்கா மாமா?"

"தெரியல."

"போய்ப் பாக்கலையா?"

"இல்ல."

"எத்தன வருஷம்?"

சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இலையைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. ஐந்துக்கு நான்கு. கிருஷ்ணாபுரத்தை எழுதியதற்கு, 'கேள்விக்குத் தொடர்பில்லை' என்று சிவப்பு மையில் குறித்து ஒரு மார்க்கைக் கழித்துவிட்டார்கள் என்று போனில் சொன்னாள். வருத்தம் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கோயிலுக்குப் போனேன். தூணைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாத் தூணும் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறி, முன்னைவிடக் கறுப்பாக, எழுத்து அப்படியே இருந்தது. நான்கு விரற்கடை தள்ளி அந்தப் பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். முழங்கையில் அந்தப் பள்ளத்தில் யாரோ மிச்சக் குங்குமத்தைத் தடவியிருந்தார்கள். கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு எழுந்தேன்.